உன் பிளக்ஸில் விட்ட வெள்ளை இடம்

ஊர் முன்னால் மதினி, அடுப்படிக்குள் ராணி, எனக்கு என்றைக்கும் வாடி போடியாகவே இருந்தவளே,

நாளை உன் இரண்டாம் வருஷ நினைவு நாள். இலுப்பூர் கடைத்தெரு முக்கில் உன் பிளக்ஸ் இன்று மத்தியானமே ஏறிவிட்டது. நீலப் பட்டுச் சேலை, காதில் அந்தக் கல்தோடு, யாரையோ அதட்டிவிட்டு உடனே சிரித்துவிட்ட முகம். போன வருஷம் வைத்த அதே படம்தான். ஆனால் போன வருஷம் படத்துக்குக் கீழே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்த வெள்ளைப் பட்டையில் இந்த வருஷம் எழுத்து வந்திருக்கிறது. டீக்கடையில் நிற்பவர்கள் அண்ணாந்து படித்துவிட்டு, சரியாகத்தான் படித்தோமா என்று மறுபடி படிக்கிறார்கள். நினைவஞ்சலி பிளக்ஸில் இப்படி ஒரு வாக்கியத்தை இந்தத் தாலுகாவில் எவரும் பார்த்திருக்க முடியாது. எழுதியது உன் வீட்டுக்காரர். எழுத வைத்தவள் நான். அந்தக் கதையை உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நாம் இருவரும் எம்.எட். ஒரே பெஞ்சில் படித்தோம். புள்ளியியல் வகுப்பில் நீ என் தோளில் சாய்ந்து தூங்குவாய். பரீட்சைக்கு முந்தின வாரம் நான் உனக்குச் சொல்லித் தருவேன். பரீட்சையில் நீ என்னைவிட மார்க் கூட வாங்குவாய். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிறகு நீ கறம்பக்குடிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை ஆனாய். நான் ஒரு கல்வியியல் கல்லூரியில், நீ தூங்கிய அதே பாடத்தை நடத்த வந்து சேர்ந்தேன்.

நடுவில் என் அண்ணனைக் கட்டிக்கொண்டாய். அது நடந்த விதம் உனக்கு எப்போதும் பெருமை. ஜாதகம் பொருந்தவில்லை என்று ஒரு ஜோசியர் சொல்ல, அமோகம் என்று இன்னொருவர் சொல்ல, இரண்டு வீட்டாரும் முழித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் குலதெய்வக் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெளியே தெரியாதபடி இரண்டையும் வாழை இலையில் ஒரே மாதிரி மடித்துச் சாமி காலடியில் வைத்தார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். பூசாரி எடுத்துப் பிரித்தார், வெள்ளை. அதற்கப்புறம் அண்ணனோடு சண்டை வரும்போதெல்லாம் நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்வாய்: "நானாவா வந்தேன்? குலுக்கல்ல வந்தவ. எதுன்னாலும் சாமிகிட்டப் போய்ச் சொல்லுங்க."

என் மாணவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பாய். அப்படியேதான் இருக்கிறார்கள். சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்து அவர்கள் எழுதியதை நான் படித்துக் காட்ட, நீ வெங்காயம் உரித்தபடி சிரித்துச் சிரித்து, வெங்காயத்தால் அழுவதா சிரிப்பால் அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாயே, அந்தச் சரக்கு இன்னும் தீரவில்லை. போன பருவத்தில் ஒருவர், ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு இரண்டு என்று கம்ப்யூட்டரில் குறியீடு போட்டிருக்கிறார். அது எல்லாவற்றுக்கும் சராசரி எடுத்துத் தள்ளியிருக்கிறது. அதை அப்படியே ஒட்டி, "மாணவர்களின் சராசரிப் பாலினம் ஒன்றரை" என்று ஆய்வேட்டில் எழுதிவிட்டார். "ஒன்றரைன்னா என்னங்க அர்த்தம்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கம்ப்யூட்டர்லயே வந்துச்சு மேடம்" என்றார். கோயில் பிரசாதத்தைக் குறை சொல்லிவிட்டேன் போல ஒரு பார்வை வேறு.

இன்னொருவர் தன் வீட்டில் டியூஷன் படிக்கும் பிள்ளைகளிடம் மட்டும் கேள்வித்தாள் கொடுத்து நிரப்பி வாங்கிவிட்டு, "புதுக்கோட்டை மாவட்ட மாணவர்களின் வாசிப்புப் பழக்கம்" என்று தலைப்புப் போட்டிருந்தார். இது எப்படி மாவட்டம் ஆகும் என்றால், "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றாங்கல்ல மேடம்?" என்றார். விடுவேனா நான்? "ஒரே பானையில வெந்திருந்தா பதம் பாக்கலாம்ங்க. நீங்க ஒங்க வீட்டுப் பானையில ஒரு சோத்த நசுக்கிப் பாத்துட்டு, ஊர்ல அத்தன வீட்டுலயும் சோறு வெந்துருச்சுங்கறீங்க." வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். ஆனால் தலைப்பை மாற்றவில்லை.

நீ இப்போது சிரிப்பாய் என்று தெரியும். ஆனாலும் இவர்களை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காலையில் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு, வயலையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து படிக்கிறவர்கள். திட்ட விலக்கத்துக்குச் சூத்திரம் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். அது எதற்கு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாதவர்கள் மேல்தான் எனக்குக் கோபம், என் வகுப்பில் அந்தக் குறை இருக்காது.

இனி சுகன்யாவுக்கு வருகிறேன். பி.எட். பயிற்சிக்கு உன் பள்ளிக்கு வந்தவள், கறம்பக்குடிக்காரி, வீட்டுக்காரர் துபாயில். உன்னை ஒரே ஒரு பருவம் பார்த்திருக்கிறாள். அந்த ஒரு பருவத்தில் நீ நடத்திய 'சின்ன வாத்தியார்' வகுப்பைப் பார்த்ததுதான் அவளை எம்.எட். வரைக்கும் இழுத்து வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம். காலாண்டுத் தேர்வில் தமிழில் கடைசியில் நின்ற எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போய், அதே வளாகத்தில் இருக்கும் தொடக்கப் பள்ளியில் ஆளுக்கு ஒரு இரண்டாம் வகுப்புக் குழந்தையிடம் உட்கார வைப்பாய். "நீ படிக்க வேணாம். அவனுக்குப் படிச்சுக் காட்டு, போதும்" என்பாய். எழுத்துக் கூட்டத் தெரியாது என்று வகுப்பில் தலை குனிந்தவர்கள், அங்கே போனால் முதுகை நிமிர்த்திக்கொண்டு விரல் வைத்துப் படித்துக் காட்டுவார்கள். பக்கத்து வகுப்பு வாத்தியார் பிரம்போடு நின்று, "அடிக்காம படிப்பு ஏறாது டீச்சர், நான் அடிச்சு ஏத்திக் காட்டியிருக்கேன்" என்பார். நீ அவரோடு வருஷம் முழுக்கச் சண்டை போட்டாய். அரையாண்டில் உன் பிள்ளைகள் மார்க் கூடியபோது, வெற்றி எனக்குத்தான் என்று ஊரைக் கூட்டாத குறையாகச் சொன்னாய்.

அந்த மாசியில்தான் பள்ளிக்கூடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். நாங்கள் வந்து சேர்வதற்குள் போய்விட்டாய்.

உன் முதல் வருஷ நாளுக்குச் சில வாரங்கள் முன்பு எங்கள் கல்லூரியில் ஆய்வுக் கூட்டம். மாணவர்கள் தங்கள் ஆய்வை எல்லோர் முன்னும் சொல்லிக் காட்ட வேண்டும். சுகன்யாவுக்கு வழிகாட்டி வேறொருவர், ஆகையால் அவள் என்ன செய்கிறாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. திரையில் முதல் படமே நீ. உன் வகுப்புதான் அவள் ஆய்வு. காலாண்டில் கடைசியில் நின்ற பிள்ளைகளின் மார்க், அரையாண்டில் அதே பிள்ளைகளின் மார்க். குட்டையான தூண்களுக்குப் பக்கத்தில் நெட்டைத் தூண்கள். "இதனால் செல்வராணி ஆசிரியையின் முறை வெற்றி என நிரூபிக்கப்படுகிறது" என்று முடித்தாள். கைதட்டல். முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் அழுதேன், மறைக்க மாட்டேன்.

அழுதுகொண்டே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நிற்காது என்று.

மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். "சுகன்யா, கடைசியில நின்ன பிள்ளைங்கள காட்டுனீங்க. அதே வகுப்புல காலாண்டுல மேல நின்ன பிள்ளைங்க அரையாண்டுல என்ன ஆனாங்க?"

அவள் கணினியில் தேடினாள். "அவங்க... கொஞ்சம் எறங்கியிருக்காங்க மேடம்."

"ஏன்?"

"மொத மார்க் வாங்குனா கண்ணு பட்டுரும்ல மேடம். ஒரு பிள்ளையோட அம்மா மொளகா சுத்திக்கூடப் போட்டாங்க." அரங்கம் சிரித்தது. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"கீழ நின்னவங்க ஏறுனது எங்க மதினியால. மேல நின்னவங்க எறங்குனது கண்ணேறால. ரெண்டுக்கும் ஒரே காரணமா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

நானே விளக்கினேன். உனக்குச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பாடத்தின்போதும் நீ தூங்கிக்கொண்டுதான் இருந்தாய். ஒரு பரீட்சையில் கடைசியில் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே வகை இல்லை. நிஜமாகவே படிக்கச் சிரமப்படுகிறவர்கள் கொஞ்சம். அன்றைக்கு மட்டும் நேரம் சரியில்லாதவர்கள் கொஞ்சம்: முந்தின நாள் காதுகுத்துக்குப் போய் விடியற்காலை வந்தவன், காய்ச்சலோடு எழுதியவள், படித்ததெல்லாம் வராமல் படிக்காததே வந்து மாட்டியவன். கடைசி வரிசையைப் பொறுக்கும்போது இவர்களும் சேர்ந்தே வந்துவிடுவார்கள். அடுத்த பரீட்சையில் காய்ச்சல் இருக்காது, காதுகுத்து இருக்காது. யாரும் ஒன்றும் செய்யாவிட்டாலும் மார்க் ஏறும். மேலே நிற்பவர்களுக்கு இதே கதை தலைகீழ். படிப்போடு அதிர்ஷ்டமும் சேர்ந்து முதலில் வந்தவள், அடுத்த முறை தன் வழக்கமான இடத்துக்கு வருவாள். அவள் அம்மா மிளகாயைத் தேடுவாள். அதற்கடுத்த பரீட்சையில் மார்க் கூடினால் பெயர் மிளகாய்க்குப் போகும்.

பிரம்பு வாத்தியாரை நினைத்துப் பார். கடைசியில் நின்றவனை அடித்தார், ஏறினான். முதலில் வந்தவளைப் பாராட்டினார், இறங்கினாள். "அடிச்சா ஏறும், பாராட்டுனா கெட்டுப்போகும்" என்று அவர் அடித்துச் சொல்வது பொய் இல்லை, கண்ணால் கண்டதுதான். கண்ணால் கண்டதை யாரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது சொல், சுகன்யாவின் தூண்கள் உன் முறையை நிரூபித்தால், அதே தூண்கள் அந்தப் பிரம்பையும் நிரூபிக்கும். நீ ஆயுசு முழுக்க எதை எதிர்த்தாயோ அதற்கு உன் பெயராலேயே சான்றிதழ் கொடுக்க நான் சம்மதிப்பேனா?

சம்மதிக்கவில்லை. "நிரூபிக்கப்படுகிறது" என்ற சொல்லை எடுக்கச் சொன்னேன். "வகுப்பு இல்லாமலே எம்புட்டு ஏறியிருக்கும்னு தெரியாம, வகுப்பால எம்புட்டு ஏறுச்சுன்னு எப்படிச் சொல்வீங்க?" என்றேன். சுகன்யாவின் முகம் சுருங்கிப்போயிற்று. கூட்டம் முடிந்ததும் வராந்தாவில் சக ஆசிரியர் ஒருவர், "சொந்த மதினிக்கே இப்படியா மேடம்?" என்றார். சொந்த மதினி என்பதால்தான் என்றேன்.

ஆனால் விஷயம் அதற்குள் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. உன் முதல் வருஷ பிளக்ஸுக்கு அவர் வாசகம் முடிவு செய்து வைத்திருந்தார். சுகன்யா கூட்டத்துக்கு முன்பே சொன்னதை வைத்து, "உன் சின்ன வாத்தியார் முறையின் வெற்றி ஆய்வில் நிரூபணம் ஆனது" என்று உன் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில். கடைக்காரர் அதற்கு இடம்கூட ஒதுக்கிவிட்டார். நான் கல்லூரிப் பையோடு உங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் உன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏத்தா, செத்ததுக்கப்பறம் அவள ஃபெயிலாக்குறியாமே?"

"ஃபெயிலாக்கலண்ணே. பேப்பர இன்னும் திருத்தவே இல்லைங்கறேன்."

"அவ அந்தப் பிள்ளைங்களுக்காக ஒழச்சது எனக்குத் தெரியாதா? ராப்பகலா அதையேதான பேசுனா?"

"ஒழச்சது உண்மை. அது பலிச்சுச்சான்னு பாக்க வேணாமா? அவ கேட்டா என்ன சொல்வீங்க?"

"அவதான் இல்லையே கேக்குறதுக்கு" என்றார். அண்ணன் குரல் உடைந்து நான் கேட்டது உன் காரியத்தன்று ஒரு முறை, அன்றைக்கு இன்னொரு முறை. ஆனாலும் நான் இறங்கவில்லை. கடைசியில் அவர், "அப்ப ஒண்ணுமே எழுத வேணாம், வெறுமனே கெடக்கட்டும்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டார். போன வருஷம் உன் பிளக்ஸ் கீழே ஒரு வெள்ளைப் பட்டையோடுதான் நின்றது. பார்த்தவர்கள் எல்லாம் அச்சுத் தப்பிவிட்டது என்று நினைத்தார்கள். அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தினார். ஆடிப் பெருக்குக்குப் பலகாரம் கொடுத்துவிட்டேன், டப்பா கழுவித் திரும்பி வந்தது, வார்த்தை வரவில்லை.

எனக்கு வருத்தம் இருந்தது, சந்தேகம் இல்லை. செய்ய வேண்டியது என்ன என்று தெளிவாகத் தெரிந்தது. சுகன்யாவுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. அவளைக் கூப்பிட்டு, "ஒங்க டீச்சர் வகுப்ப மறுபடி நடத்துவோம், இந்தத் தடவ ஒழுங்காப் பாப்போம்" என்றேன். அவள் வழிகாட்டியும் ஒத்துக்கொண்டார். காலாண்டில் கடைசியில் நிற்கும் பிள்ளைகளை எடுப்போம். அவர்களை இரண்டு பாதியாகப் பிரிப்போம். ஒரு பாதி அரையாண்டு வரை சின்ன வாத்தியார் வகுப்புக்குப் போகும், இன்னொரு பாதி வழக்கம் போல் இருக்கும். தை பிறந்ததும் அந்தப் பாதிக்கும் வகுப்பு. யாருக்கும் இல்லாமல் போகாது. தலைமையாசிரியையும் பெற்றோர்களும் இதைக் கேட்டுத்தான் சம்மதித்தார்கள்.

பிரிக்கிற இடத்தில் சுகன்யா மறுபடி முட்டிக்கொண்டு நின்றாள். முதலில் அவளே பிரித்துக் கொண்டு வந்தாள். எப்படிப் பிரித்தாய் என்றால், "சும்மா மேடம், கண்ணுல பட்டவங்கள எடுத்தேன்" என்றாள். அவள் கண்ணில் பட்டவர்கள் எல்லாம் தினமும் பள்ளிக்கு வருகிறவர்கள், வணக்கம் சொல்கிறவர்கள்.

"நம்ம கை சும்மா இருக்காது சுகன்யா. பாவமா இருக்கற பிள்ளைய இங்கிட்டு இழுக்கும், அடங்காதவன அங்கிட்டுத் தள்ளும். சீட்டு குலுக்குவோம்."

"யாருக்கு ரொம்பத் தேவையோ அவங்களத்தான மேடம் எடுக்கணும்? பிள்ளைங்க படிப்ப சீட்டுல விடுறது பாவம் இல்லையா?"

"யாருக்குப் பலன்னே தெரியாதப்ப நீங்களும் நானும் ஆள் பாத்துக் குடுக்கறதுதான் பாவம்."

அவள் தலையாட்டினாள், ஆனால் மனசு ஒட்டவில்லை. அன்றைக்கு நான் அண்ணனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: மதினி வகுப்பை மறுபடி தொடங்குகிறோம், இன்ன நாள், வந்தால் நல்லது. பதில் இல்லை. குலுக்குகிற அன்று உன் வகுப்பறையில் பெயர்ச் சீட்டுகளை மடித்து ஓர் எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டுக்கொண்டிருந்தோம். நிமிர்ந்தால் அண்ணன் வாசலில். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கோயிலுக்கு வந்த மாதிரி நிற்கிறார். நீ சாய்ந்த இடத்தைப் பார்க்காமல் கரும்பலகையையே பார்த்தார்.

"என்ன இது, பூக்கட்டிப் பாக்குறீங்களா?" என்றார். மாதக்கணக்கில் பேசாத அண்ணன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"ஆமாண்ணே. மனுசங்க தேர்ந்தெடுத்தா ஆளுக்கு ஒண்ணு சொல்வோம்ல? அதான்."

தூக்குவாளியை எட்டிப் பார்த்தார். பிறகு வெளியே போய்க் குழாயில் கை கழுவிவிட்டு வந்தார். "தள்ளுங்க. நான் எடுக்குறேன்" என்றார். "அவளே இப்படி வந்தவதான." கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சீட்டாக எடுத்து, இது இந்தப் பாதி, இது அந்தப் பாதி என்று சுகன்யாவிடம் கொடுத்தார். சுகன்யா அதற்கப்புறம் பாவம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. திரும்பும்போது அண்ணன் என்னைத் தன் வண்டியிலேயே கூட்டி வந்தார். வழியில் டீ வாங்கிக் கொடுத்தார்.

உன் வகுப்பு மறுபடி நடந்தது, ராணி. நான் இரண்டு மூன்று தரம் போய்ப் பார்த்தேன். மீசை அரும்பிய பையன் ஒருவன் இரண்டாம் வகுப்புப் பெண்ணுக்குப் படித்துக் காட்டுகிறான், அவள் "அது ழ, நீ ல சொல்லிட்ட" என்று அவன் தொடையில் தட்டுகிறாள். அவன் கோபப்படாமல் திருத்திக்கொள்கிறான். உனக்கு இது புதிதில்லை.

அரையாண்டு முடிந்தது. மார்க்குகளோடு சுகன்யா என் வீட்டுக்கு வந்தாள். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முதலில் வகுப்புக்குப் போன பாதி: நன்றாகவே ஏறியிருந்தார்கள். அவள் முகம் மலர்ந்தது. பிறகு வகுப்புக்குப் போகாத பாதி. அவர்களும் ஏறியிருந்தார்கள்! ஏறக்குறைய அதே அளவு. உன் வகுப்பின் பக்கமே போகாதவர்கள். சுகன்யா மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தாள். அன்றைக்கு ஆய்வுக் கூட்டத்தில் நான் சொன்னதை அவள் அப்போதுதான் நிஜமாக நம்பினாள் என்று நினைக்கிறேன்.

வித்தியாசம் இல்லாமல் இல்லை. உன் பாதி கொஞ்சம் கூடத்தான் ஏறியிருந்தது. ஆனால் இத்தனை குறைவான பிள்ளைகளில் அந்தக் கொஞ்சம் உன்னால் வந்ததா, அண்ணன் எடுத்த சீட்டில் நல்ல பிள்ளைகள் இந்தப் பக்கம் விழுந்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அப்ப டீச்சர் பண்ணதெல்லாம் வீணா மேடம்?" என்றாள் சுகன்யா, கண் நிறைந்து.

இது அடுத்த தப்பு. நிரூபணம் ஆனது என்று முதலில் குதித்தவர்கள், நிரூபணம் ஆகவில்லை என்றதும் ஒன்றுமே இல்லை என்று குப்புற விழுவார்கள். "வாசல்ல நின்னு ஒரு கொரல் குடுக்குறீங்க, பதில் வரல. வீட்டுல ஆளே இல்லன்னு எழுதிருவீங்களா?" என்றேன். "பின்னாடி துணி தொவச்சுக்கிட்டு இருப்பாங்க. நாம குடுத்தது சின்னக் கொரல், அம்புட்டுதான். இன்னும் சில பள்ளிக்கூடத்தச் சேத்துக்கிட்டுச் சத்தமாக் கூப்பிடுவோம்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். தன் ஆய்வேட்டில் இதை இப்படியே எழுதினாள், ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இந்த வருஷம் எங்கள் கல்லூரியில் வந்த ஆய்வேடுகளில் எதையும் நிரூபிக்காதது அது ஒன்றுதான். நான் பெருமையாக எல்லோருக்கும் படிக்கக் கொடுப்பதும் அது ஒன்றைத்தான்.

அண்ணனுக்குச் சொல்ல நானே போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், போகாத பாதியும் ஏறியதை முதலில் சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றது.

"அப்ப இதுல எம்புட்டுதான் அவளோடது?"

"கொஞ்சம் இருக்கலாம்ணே. இல்லாமலும் போகலாம். ஆனா இருக்கற பக்கந்தான் சாயுது."

ஒரு வாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "இருக்கலாம்னு சொன்னா அது பொய் இல்லையே?"

"இல்லண்ணே. இன்னைக்கு நமக்குத் தெரிஞ்ச உண்மை அதுதான்."

"அப்ப அந்தப் பட்டையில அத எழுதிருவோம்" என்றார். "வெறுமனே கெடக்க வேணாம்."

பிளக்ஸ் கடைக்காரருக்கு விஷயம் பிடிபடவில்லை. நேற்று போன் செய்து, "சார், இருக்கலாம்னு தப்பா வந்திருக்கு, இருக்கிறதுன்னு திருத்திரவா?" என்று கேட்டிருக்கிறார். நம்ம சார் என்ன சொன்னார் தெரியுமா? "ஒரு எழுத்து மாத்துனாலும் நான் கடைய மாத்திருவேன்யா. எங்க வீட்டுல அதுக்காக மாசக்கணக்குல பேசாம இருந்திருக்கோம்."

இப்போது உன் படத்துக்குக் கீழே இப்படி இருக்கிறது: "செல்வராணி ஆசிரியையின் சின்ன வாத்தியார் முறையால் பிள்ளைகளுக்குப் பலன் இருக்கலாம். மேலும் சில பள்ளிகளில் பார்த்து வருகிறோம்." அதற்குக் கீழே வழக்கம் போல் அண்ணன் பெயரும் குடும்பத்தார் பெயரும். முக்கில் எத்தனையோ பேருடைய பிளக்ஸ் வருகிறது, போகிறது. எல்லோரும் வாழ்ந்து முடித்தவர்கள். உன் வேலை மட்டும் இன்னும் முடியவில்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. அதைப் படித்தபோது, இந்த இரண்டு வருஷத்தில் முதல் முறையாக, நீ ஏதோ வேலையாக வெளியே போயிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றியது.

ஜூனில் இன்னும் சில பள்ளிகள் சேர்கின்றன. சுகன்யா வருகிறாள், அவளுக்குக் கீழே படிக்கும் என் மாணவர்களும் வருகிறார்கள். பானைக்கு ஒரு சோறு சொன்னாரே, அவரும் உண்டு. சீட்டு எடுப்பது தன் வேலை என்று அண்ணன் இப்போதே சொல்லி வைத்துவிட்டார். ஒன்று மட்டும் உனக்கு வாக்குத் தருகிறேன். உன் பக்கம் சாய்ந்தாலும் சரி, சாயாவிட்டாலும் சரி, வந்ததை வந்தபடி, இதே முக்கில், இதே பெரிய எழுத்தில் எழுதுவோம். பலன் இல்லை என்றே வந்தாலும் உன் படம் அங்கே இதே சிரிப்போடு நிற்கும். அண்ணனிடமும் சத்தியம் வாங்கிவிட்டேன். நீயும் இந்த ஒரு தடவையாவது தூங்காமல் முழித்திருந்து கேள்.

இப்படிக்கு,
பூசாரி பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே, எந்தக் குலுக்கலும் இல்லாமல், உன்னைத் தனக்கென்று பொறுக்கி எடுத்துக்கொண்ட உன் நாத்தனார்
அமுதா